பவானிப் படுகையின் காடுகள்: மழையின் பங்கையும் மனிதரின் பங்கையும் பிரித்தறிவது எப்படி?

ஓர் ஆற்றுப் படுகையில் காடு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை இன்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வீட்டிலிருந்தே ஓரளவு சொல்லிவிட முடிகிறது. அந்த மாற்றத்தில் மழைக்கு எவ்வளவு பங்கு, வெயிலுக்கு எவ்வளவு, கோடரிக்கும் மாட்டுப்பட்டிக்கும் தேயிலைக்கும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்தான் பல அறிக்கைகள் தடுமாறுகின்றன. நல்ல மழை பெய்த ஆண்டுகளின் பச்சையை நிர்வாகத்தின் சாதனையாகக் காட்டுவதும், வறட்சியில் காய்ந்ததை மரவெட்டிகளின் கணக்கில் எழுதுவதும் சகஜமாகிவிட்டன. கல்லூரி மாணவர்களும், பாசன சங்கத்தினரும், ஊர் அளவில் இயங்கும் இயற்கை ஆர்வலர் குழுக்களும் இலவச மென்பொருள்களையும் இலவசத் தரவுகளையும் கொண்டே இந்தப் பிரிப்பைச் செய்வதற்கான முறை இங்கே விளக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாகப் பவானிப் படுகையைக் கொள்கிறேன். ஏறத்தாழ 6,200 சதுர கிலோமீட்டருக்குள் இத்தனை வகைக் காடுகளையும் இத்தனை வகை மனிதத் தலையீடுகளையும் ஒருங்கே கொண்ட படுகை தென்னிந்தியாவில் அரிது. நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறக்கும் ஆறு கேரளத்துக்குள் இறங்கி, முக்காலிக்கு அருகே வடகிழக்காகத் திரும்பி, அட்டப்பாடி வழியாகச் சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பில்லூர், மேட்டுப்பாளையம் கடந்து, பவானிசாகரில் மோயாற்றுடன் கலந்து, இறுதியில் பவானி கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது. மேல் பவானி, அவலாஞ்சிச் சரிவுகளில் ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கும் மேல் மழை. சத்தியமங்கலம் சமவெளியில் 600, 700 மி.மீ. தான். இந்த இரண்டையும் ஒரே சராசரிக்குள் அடைத்தால் கிடைக்கும் எண் எந்தக் காட்டையும் குறிக்காது.

முதலில் படுகையைக் கூறுபோடுங்கள்

கியூஜிஐஎஸ் என்னும் இலவச வரைபட மென்பொருளில், விண்ணோடத்தின் ரேடார் அளந்த 30 மீட்டர் துல்லியமுள்ள எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவை ஏற்றி, கூடுதுறையை வடிகால் புள்ளியாகக் கொடுத்தால் படுகையின் எல்லை கிடைத்துவிடும். மலைப்பகுதியில் அந்த எல்லையை அப்படியே நம்பலாம். சமவெளியில் சற்று நிதானம் தேவை. ஏனெனில் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடி, நொய்யல் பக்கம் வரை பவானித் தண்ணீரைக் கொண்டுசெல்கிறது. அங்குள்ள தென்னையின் பச்சை பவானி நீரால் ஆனது என்றாலும் நிலம் பவானிப் படுகையைச் சேர்ந்ததல்ல.

அடுத்து படுகையை மழையும் உயரமும் ஒத்திருக்கும் மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும். 1,800 மீட்டருக்கு மேற்பட்ட, சோலை எனப்படும் உயர்மலைக் காடும் புல்வெளியும் கலந்த பகுதி ஒன்று. குந்தாவிலிருந்து அட்டப்பாடியின் மேற்கு வரையிலான ஈரமான பசுமைமாறாக் காடு இன்னொன்று. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் தேயிலையும் துண்டுக் காடுகளும் கலந்த பகுதி தனி. முதுமலையில் தொடங்கி, சீகூர்ப் பீடபூமியையும் மோயாற்றுப் பள்ளத்தாக்கையும் கடந்து சத்தியமங்கலம் வரை நீளும் இலையுதிர் காடும் முட்காடும் மற்றொரு மண்டலம். இதுவே நம் வேலைக்கு மிகவும் பயன்படுவது. அணைக்குக் கீழே உள்ள பாசனப் பகுதியைக் காட்டுக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். அங்கே பச்சை கூடுவதும் குறைவதும் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தொடங்கும் தண்ணீர்த் திறப்பைப் பொறுத்தவை. உள்ளூர் மழையோடு அவற்றை ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.

பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தையும் கட்டாயம் மறைத்துவிட வேண்டும். வறட்சியில் நீர் இறங்கும்போது வண்டல் படிந்த அந்தத் தரையில் புல் முளைத்து, யானைகளும் மாடுகளும் மேய வருகின்றன. செயற்கைக்கோளுக்கு அது நீர் இருந்த இடத்தில் பச்சை தோன்றியதாகத்தான் தெரியும். மழை பொய்த்த ஆண்டில் காடு வளர்ந்ததாக ஒரு வரைபடம் காட்டினால், பெரும்பாலும் இந்தக் கரையோரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எதை வளர்ச்சி என்று எண்ணப் போகிறீர்கள்?

காட்டின் பரப்பு, மரங்களின் பருமன், இலைகளின் பச்சை ஆகிய மூன்றும் வெவ்வேறு செய்திகள். ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாகாது. இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மர நிழல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், நிலம் யாருடையதாக இருந்தாலும், மரம் எதுவாக இருந்தாலும், அது வனப்பரப்பாகவே எண்ணப்படுகிறது. தென்னந்தோப்பும் தைலமரத் தோட்டமும் அதில் வந்துவிடும். மாவட்ட அளவிலான அந்த எண்களைப் பின்னணித் தகவலாக வைத்துக்கொள்ளலாம். காரணம் தேட அவை உதவா.

எளிதில் நீண்ட காலத்துக்குக் கிடைப்பது பசுமைக் குறியீடு, அதாவது என்.டி.வி.ஐ. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது; இவ்விரண்டின் வேறுபாட்டை இவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண்ணே இது. இலையுதிர் காட்டிலும் முட்காட்டிலும் இந்த எண் மழையோடு கூடவே ஏறி இறங்கும். பசுமைமாறாக் காட்டில் அது உச்சத்தில் போய் ஒட்டிக்கொண்டு, காடு மேலும் அடர்ந்தாலும் சிறிது மெலிந்தாலும் அசையாமல் நிற்கும். ஆகவே மேற்குச் சரிவுகளுக்கு ஈ.வி.ஐ. என்னும் மேம்பட்ட குறியீட்டைப் பயன்படுத்துவது நல்லது. பெரிய மரங்களுக்கு நடுவே நிற்கும் சந்தன மரம் ஒன்று வெட்டப்பட்டால் இந்தக் குறியீடுகளில் எதிலும் அது தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தரவுகளைத் திரட்டும்போது

நாசாவின் செயற்கைக்கோள் உணரியான மோடிஸ் தரும் தரவு 2000 பிப்ரவரியிலிருந்து 250 மீட்டர் துல்லியத்தில் 16 நாளுக்கு ஒரு படமாகக் கிடைக்கிறது. மண்டல அளவிலான போக்கை அறிய இதுவே போதும். துண்டுக் காடு, தோட்ட எல்லை போன்றவற்றுக்கு 30 மீட்டர் துல்லியமுள்ள லேண்ட்சாட் என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையின் படங்கள் வேண்டும். 1980களின் பிற்பகுதியிலிருந்தே படங்கள் உள்ளன. 2015க்குப் பிந்தைய காலத்துக்கு 10 மீட்டர் துல்லியமுள்ள ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 இருக்கிறது. கூகுள் எர்த் எஞ்சின் தளத்தில் மூன்றும் ஒரே இடத்தில் உள்ளன. பதிவிறக்கம் செய்யாமலே கணக்கிடலாம்.

லேண்ட்சாட்டில் ஒரு பொறி உண்டு. ஐந்தாம், ஏழாம் கோள்களின் உணரிகளும் எட்டாம் கோளின் உணரியும் ஒரே காட்டை ஒரே நாளில் பார்த்தாலும் ஒரே எண்ணைத் தருவதில்லை; எட்டாம் கோளின் எண் சற்றே கூடுதலாக இருக்கும். எட்டாம் கோள் 2013இல் ஏவப்பட்டது. ஆகவே ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து இணக்கம் செய்யாமல் மூன்றையும் அடுக்கினால் 2013க்குப் பிறகு காடு செழித்ததுபோல் ஒரு பொய்யான படிக்கட்டு தோன்றும். இணக்கத்துக்கான சமன்பாடுகள் வெளிவந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்தாத எந்த நெடுங்கால வரைபடத்தையும் நான் பொருட்படுத்துவதில்லை.

மேகம் மற்றொரு தொல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை குந்தா, மேல் பவானிப் பகுதிகளில் தெளிவான படம் கிடைப்பதே அரிது. மலைச்சரிவின் நிழல் வேறு டிசம்பர், ஜனவரியில் நீண்டு விழுந்து வடக்கு நோக்கிய சரிவுகளைக் கறுப்பாக்கிவிடும். ஆதலால் எல்லா மண்டலத்துக்கும் ஒரே மாதச் சராசரியை எடுக்காமல், மண்டலத்துக்கு ஏற்ற காலத்தைத் தேர்ந்தெடுங்கள். முதுமலையின் தேக்கும் கருமருதும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையின்றி நிற்கும். அங்கே அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான பச்சையை அளப்பது பொருத்தம். ஆண்டைக் கணக்கிடும்போது ஜனவரியில் தொடங்காமல் ஜூனில் தொடங்கி மே மாதத்தில் முடியுங்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை, கோடை மழை மூன்றும் அப்போதுதான் ஒரே ஆண்டுக்குள் வரிசையாக அமையும்.

மழைக்கு இரண்டு வழிகள் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டத் தரவு 1901 முதல் இருக்கிறது, ஆனால் ஒரு கட்டம் கால் பாகை, அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டர் அகலம். செயற்கைக்கோள் படங்களையும் மழைமானிப் பதிவுகளையும் இணைத்து உருவாக்கிய, 1981 முதல் கிடைக்கும் சிர்ப்ஸ் தரவு சுமார் 5 கிலோமீட்டர் அகலக் கட்டங்களைக் கொண்டது. நீலகிரியில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. அவலாஞ்சியில் கொட்டித் தீர்க்கும் மழை, அடுத்தடுத்த முகடுகளைத் தாண்டி உதகைக்கு வருவதற்குள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் போட்ட தரவு இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. அத்தகைய உச்சங்களைக் கட்டத் தரவுகள் மழுங்கடித்தே காட்டும். எனவே அணைகளிலும் எஸ்டேட்டுகளிலும் உள்ள மழைமானிகளின் பதிவேடுகளைக் கேட்டுப் பெற்று, கட்டத் தரவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில தேயிலை எஸ்டேட்டுகளில் பல பத்தாண்டுப் பதிவுகள் கையெழுத்தில் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றுவதே தனியாக ஒரு பெரிய சேவை.

மழையின் பங்கைக் கழித்தல்

முறையின் மையம் இதுதான். மழையை மட்டும் வைத்து இந்த ஆண்டு எவ்வளவு பச்சை இருந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறோம். உண்மையில் இருந்த பச்சையிலிருந்து அதைக் கழிக்கிறோம். எஞ்சுவதை ஆண்டுவாரியாக அடுக்கி, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறோம். ஆய்வு உலகில் இதை எச்சப்போக்குப் பகுப்பாய்வு என்கிறார்கள். விரிதாள் ஒன்று இருந்தால் போதும்.

முதலில் மழைக்கும் பச்சைக்கும் இடையிலான கால இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். முந்தைய ஒரு மாத மழை, இரண்டு மாத மழை, என்று ஆறு மாதம் வரை கூட்டிப் பார்த்து, எந்தக் கூட்டுத்தொகை பச்சையோடு மிக நெருங்கி ஒத்துப்போகிறதோ அதை அந்த மண்டலம் முழுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். முட்காட்டில் இந்த இடைவெளி குறுகியதாகவும், வேர் ஆழமாகச் சென்ற இலையுதிர் காட்டில் நீண்டதாகவும் இருப்பது இயல்பு.

பிறகு ஒரு நேர்க்கோட்டைப் பொருத்துங்கள். விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். மோயாற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு கட்டத்துக்கு, பச்சை = 0.22 + (0.00035 × மழை மி.மீ.) என்று கோடு அமைந்தால், 700 மி.மீ. பெய்த ஆண்டில் எதிர்பார்க்கும் பச்சை 0.465. செயற்கைக்கோள் 0.52 என்று காட்டினால் எச்சம் 0.055 கூடுதல். 300 மி.மீ. மட்டுமே பெய்த ஆண்டில் எதிர்பார்ப்பு 0.325; உண்மையில் 0.33 இருந்தால், பார்வைக்குக் காடு காய்ந்து கிடந்தாலும், மழையைத் தவிர வேறு எதுவும் அதைக் கெடுக்கவில்லை என்று பொருள். இருபது ஆண்டு எச்சங்களை வரிசைப்படுத்தி, மான்-கெண்டல் சோதனையால் போக்கு உண்மையானதா என்றும், சென் சாய்வால் அதன் வேகம் எவ்வளவு என்றும் அறியலாம்.

கோட்டைப் பொருத்தும்போது எல்லா ஆண்டுகளையும் எல்லாக் கட்டங்களையும் கலந்துவிடக் கூடாது. தலையீடு குறைந்த உட்காட்டுக் கட்டங்களை வைத்துக் கோட்டை அமைத்து, அதைக் கொண்டு ஓரக் காடுகளை அளப்பதுதான் முறை. ஏற்கெனவே சிதைந்த காட்டை அளவுகோலாக வைத்தால் சிதைவே இயல்பாகிவிடும்.

தொடக்க ஆண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மோடிஸ் தரவு தொடங்கியவுடனேயே தமிழ்நாட்டில் வறட்சி வந்தது. 2002இல் நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 19 சதவீதம் குறைந்தது. அதன் பிறகான நல்ல மழை ஆண்டுகளோடு ஒப்பிட்டால் எந்தக் காடும் வளர்ந்ததாகவே தோன்றும். அதேபோல் 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. ஒரு வரைபடத்தை 2015இல் தொடங்கி 2017இல் முடித்தால் காடு அழிந்ததாகக் காட்டலாம். 2017இல் தொடங்கி 2021இல் முடித்தால் மீண்டதாகக் காட்டலாம். இரண்டு ஆண்டுப் படங்களை அருகருகே வைத்துக் கட்சி கட்டுவோரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த இரண்டு ஆண்டுகளின் மழை என்ன என்பதுதான்.

மேல் பவானிப் பகுதியில் இந்த மழைக்கோடு வேலை செய்யாது. அங்கே தண்ணீர் பற்றாக்குறை இல்லை. மேகம் மூடிய மாதங்களில் வெயில்தான் பற்றாக்குறை. மழை கூடினால் வளர்ச்சி குறைவதாகக்கூடக் கணக்கு வரலாம். அந்த மண்டலத்துக்குக் கதிர்வீச்சையும் வெப்பநிலையையும், குறிப்பாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குறைந்தபட்ச வெப்பநிலையையும் சேர்க்க வேண்டும். உறைபனி விழும் பள்ளங்களில் மரக்கன்றுகள் கருகுவதால்தான் புல்வெளிக்கும் சோலைக்கும் இடையே அவ்வளவு கூர்மையான எல்லை நிலைத்திருக்கிறது. உறைபனி இரவுகள் குறைந்தால் அந்த எல்லை நகரத் தொடங்கும். வெப்பநிலைக்கு ஐரோப்பிய வானிலை மையத்தின் இ.ஆர்.ஏ.5-லேண்ட் தரவைப் பயன்படுத்தலாம்.

எஞ்சியது எல்லாம் மனிதரின் வேலை அல்ல

இந்த இடத்தில்தான் பல ஆய்வேடுகள் வழுக்குகின்றன. மழையைக் கழித்தபின் எஞ்சியதை அப்படியே மனிதத் தாக்கம் என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். எச்சத்துக்குள் வளிமண்டலத்தில் கூடிய கரியமில வாயுவின் உரம்போன்ற விளைவு இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, உணரியின் பிழை இருக்கிறது, காட்டின் சொந்தக் கதையும் இருக்கிறது. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருமூங்கில் ஒரே சமயத்தில் பூத்து மொத்தமாக மடியும்போது, ஒரு பள்ளத்தாக்கே பழுப்பாகிவிடும். அதில் மழைக்கும் பங்கில்லை, மனிதருக்கும் பங்கில்லை. முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் அமைத்த 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வு மனையில், ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டு முதல் ஒவ்வொன்றும் எண்ணிட்டு அளக்கப்பட்டு வருகிறது; அதன் தொடக்க ஆண்டுகளில் கைடியா, வலம்புரி ஆகிய இனங்கள் கடுமையாகக் குறைந்ததற்கு யானைகளின் மேய்ச்சல் முக்கியக் காரணமாக இருந்தது. யானையின் கணக்கை விறகு வெட்டியின் தலையில் எழுதுவது நியாயமல்ல.

ஆகவே மனிதரின் பங்கை அறிய எச்சம் மட்டும் போதாது, ஜோடி வேண்டும். மழை, உயரம், சரிவின் திசை, மண், காட்டு வகை ஆகியவை ஒத்து, மனிதப் பயன்பாடு மட்டும் மாறுபடும் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் எச்சங்களை ஒப்பிடுங்கள். கரியமில வாயுவும் வெப்பமும் உணரிப் பிழையும் இரண்டிலும் ஒன்றே ஆகையால், கழிக்கும்போது அவை நீங்கிவிடும். மசினகுடி, தாளவாடி போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள காட்டையும், அதே மழை பெறும் உட்காட்டையும் ஒப்பிடலாம். ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என வளையங்கள் வரைந்து எச்சம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது இன்னும் எளிய வழி. தொலைவு கூடக்கூட எச்சம் ஒரே சீராக உயர்ந்தால், மேய்ச்சலும் விறகும் அங்கே உண்மையான காரணங்கள் என்று துணிந்து சொல்லலாம்.

ஜோடி வைத்துப் பார்ப்பது இப்படுகைக்குப் புதியதல்ல. மோயாற்றின் நீர்ப்பிடிப்பில் உள்ள கிளென்மார்கனில், உதகையின் மண் - நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் ஒரு பகுதியில் தைலமர வகையான நீலக் கற்பூர மரத்தை நட்டு, ஓடைநீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் 10 ஆண்டுச் சுழற்சியிலேயே மரம் நட்ட பக்கத்தின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மழை இரண்டுக்கும் பொதுவாக இருந்ததால்தான் அந்தக் குறைவை மரத்தின் கணக்கில் எழுத முடிந்தது.

பச்சையின் பெயரைக் கேளுங்கள்

எச்சம் ஏறியிருந்தால் மகிழ்ந்துவிடாமல், ஏறியது எந்தச் செடியால் என்று கேட்பது அடுத்த வேலை. பவானிப் படுகையில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதும் எதுவும் வீண் என்பது என் உறுதியான கருத்து.

உயர்மலைப் புல்வெளிகளில் பிரிட்டிஷார் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும், விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் சாயத்துக்காகவும் மரக்கூழுக்காகவும் அரசாலேயே பெருமளவில் நடப்பட்டன. சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்கும் நீலகிரியின் மரம்தான் சென்றது. நடவு நின்ற பிறகும் சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணில் பல்லாண்டு கிடந்து, தீப்பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். புல்வெளி சீகைக் காடாக மாறும்போது பசுமைக் குறியீடு உயர்கிறது, மரப்பரப்பும் உயர்கிறது. மாவட்ட வனப்பரப்பு கூடியதாக அறிக்கையும் வரும். அங்கே இழந்தது வரையாட்டின் மேய்ச்சல் நிலம்.

தாழ்வான மோயாற்றுப் பகுதியில் சீமைக் கருவேலமும் இலையுதிர் காட்டினுள் உண்ணிச்செடியும் இதே வேலையைச் செய்கின்றன. உசிலும் வெக்காலியும் இலையுதிர்த்த மார்ச் மாதத்தில் சீமைக் கருவேலம் பச்சையாக நிற்பதே அதைக் கண்டுபிடிக்கும் வழியும் ஆகும்: மழைக்காலப் பச்சை மாறாமல், கோடைப் பச்சை மட்டும் ஆண்டுதோறும் ஏறினால் அயல் செடி பரவுகிறது என்று சந்தேகியுங்கள். தேயிலையும் இப்படித்தான் ஆண்டு முழுவதும் ஒரே சீரான பச்சையைக் காட்டும். இயற்கைக் காட்டுக்குரிய ஏற்ற இறக்கம் அதில் இராது. மறுபுறம், தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டபின் பல இடங்களில் நடக்கும் அகற்றும் பணி, செயற்கைக்கோளில் காடழிப்பாகவே தெரியும். பச்சை குறைந்ததாலேயே ஒரு வேலையைக் குற்றம் சொல்ல முடியாது.

இதற்காக ஒரு நிகழ்வுக் குறிப்பேட்டைத் தயாரித்து எச்ச வரைபடத்தின் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம், 1955இல் முடிந்த பவானிசாகர் அணை, 1960களின் குந்தா மின்திட்ட அணைகளும் சாலைகளும், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமானது, கிழக்கு அட்டப்பாடியில் 1990களின் நடுவில் ஜப்பானிய நிதியுதவியுடன் தொடங்கிய மீட்புப் பணி ஆகியவை அதில் இடம்பெறும். கிழக்கு அட்டப்பாடி மழைமறைவுப் பகுதி. குடியேற்றத்தாலும் வெட்டாலும் மொட்டையாகிக் கிடந்த சரிவுகள் அங்கே உண்டு. லேண்ட்சாட் எச்சத்தை அங்கே ஆண்டுவாரியாகப் பார்ப்பது, மனிதத் தலையீடு காட்டை வளர்க்கவும் செய்யுமா என்பதைச் சோதிக்க நல்ல பயிற்சி.

தீக்கு நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் நாள்வாரித் தரவு உண்டு. ஆனால் கோடைக்கு முன்பு வனத்துறையே தீத்தடுப்புக் கோடுகளை எரிப்பதும் அதில் தீயாகவே பதிவாகும். சாலையோரமாக நேர்க்கோட்டில் வரிசையாக விழும் புள்ளிகளைப் பார்த்தவுடன் காட்டுத்தீ என்று எழுதிவிடாதீர்கள்.

நேரில் அளப்பது

செயற்கைக்கோள் பச்சையைத்தான் அளக்கிறது. மரம் பருத்ததா என்பதை நாடாதான் சொல்லும். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், காப்பகத்துக்குள் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். யானை நடமாடும் பகுதியில் வேட்டைத் தடுப்புக் காவலரோ அந்தக் காட்டை அறிந்த இருளர், குறும்பர் சமூகத்துப் பெரியவரோ இல்லாமல் செல்லக் கூடாது. அனுமதி கிடைக்கும்வரை தனியார் நிலத்திலும் கோயில் காடுகளிலும் தொடங்கலாம்.

20 மீட்டர் நீள, அகலமுள்ள ஆய்வு மனைகளை ஒவ்வொரு ஜோடியிலும் அமைத்து, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை எடுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கத் தரையிலிருந்து உயரத்தை எண்ண வேண்டும். அளந்த இடத்தில் வண்ணத்தால் மெல்லிய கோடு போட்டு, அடுத்த முறை நாடாவின் கீழ் விளிம்பு அதே கோட்டில் படியும்படி பிடியுங்கள். விரலளவு மேலே போனாலும் ஓராண்டு வளர்ச்சி முழுவதும் பிழைக்குள் மறைந்துவிடும். சுற்றளவு 94.2 செ.மீ. என்றால் விட்டம் 30 செ.மீ. உலர் இலையுதிர் காட்டு மரம் ஓராண்டில் சில மில்லிமீட்டர்தான் பருக்கும், கோடையில் நீர் வற்றித் தண்டு சிறிது சுருங்கவும் செய்யும். எனவே ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அளப்பதும், மூன்று முதல் ஐந்து ஆண்டு இடைவெளியின் வித்தியாசத்தை மட்டும் முடிவுக்கு எடுத்துக்கொள்வதும் நல்லது.

தேக்கில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழும். வெட்டப்பட்ட அடிமரங்கள் கிடைத்தால் வளையங்களின் அகலத்தை மழைப் பதிவோடு வைத்துப் பார்க்கலாம். செயற்கைக்கோள்களுக்கு முந்தைய பத்தாண்டுகளை அறிய இது ஒரு நல்ல வழி. சோலை மரங்களில் பெரும்பாலானவை இத்தகைய தெளிவான வளையங்களைத் தருவதில்லை.

மனையில் பெரிய மரங்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பக் கூடாது. முழங்கால் உயரக் கன்றுகள் எத்தனை, அவை எந்த இனம், வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள் எத்தனை, சாணம் எந்த அளவு, உண்ணிச்செடி தரையில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்பதையும் குறியுங்கள். மேலே தேக்கும் கருமருதும் செழித்திருக்க, கீழே ஒரு கன்றும் இல்லாத காடு வருங்காலத்தில் என்ன ஆகும் என்பதை எந்தக் குறியீடும் இன்று காட்டாது. மேய்ச்சல் பற்றிக் கேட்கும்போது மாடு எத்தனை என்பதோடு, எந்த மாதத்தில் பட்டி காட்டுக்குள் இருக்கிறது, எப்போது எடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். சீகூர்ப் பகுதியில் மாடு பாலுக்காக மட்டும் வளர்க்கப்படவில்லை. அதன் எரு கேரளத் தோட்டங்களுக்கு விலைபோனது. அந்தச் சந்தை ஏறி இறங்கிய ஆண்டுகளை ஊர்க்காரர் சொன்னால், உங்கள் எச்ச வரைபடத்தில் புரியாமல் கிடந்த ஒரு வளைவுக்கு விளக்கம் கிடைக்கக்கூடும்.

முடிவை எழுதும்போது படுகை முழுவதற்கும் ஒரே சதவீதம் கொடுக்காமல், மண்டலவாரியாக, மழை விளக்கும் பங்கு, ஜோடி ஒப்பீட்டில் தெரிந்த மனிதப் பங்கு, விளக்கம் கிடைக்காத பங்கு என்று மூன்றாகக் கொடுங்கள். மூன்றாவதை முதல் இரண்டிற்குள் பங்கிட்டு மறைக்க வேண்டியதில்லை. பயன்படுத்திய மழைத் தரவு எது, தொடக்க ஆண்டும் இறுதி ஆண்டும் எவை, எந்தக் கட்டங்கள் விலக்கப்பட்டன என்பதை அட்டவணையின் அடியிலேயே குறித்து, மனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் மர எண்களையும் அடுத்து அளக்க வருபவருக்குப் புரியும்படி ஒரு பிரதியை வனச்சரக அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.